பின்பக்கம் காலியாக இருக்கிறதா?

டைரி எழுதும் பழக்கம் நம்மிடம் வருடத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. ஜனவரி ஒன்று முதல் ஆறு வரை. ஏழாம் தேதி, 'நேற்று எழுத முடியவில்லை' என்று ஒரு வரி. எட்டாம் தேதி பால் கணக்கு. பிப்ரவரியில் வீட்டுக் குழந்தை அதில் யானை வரைய ஆரம்பித்துவிடும். யானைக்கு நாலு கால் போதாதென்று ஆறு கால் போட்டிருக்கும்.

இதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை ஸார். டைரியும் காரணம். ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, நடுவில் சிவப்பு ரிப்பன்... அதைத் திறந்தாலே ஏதோ கவர்னர் கையெழுத்துப் போடப்போகிற மாதிரி இருக்கிறது. அதில் போய், 'இன்று தக்காளி விலை ஏறிவிட்டது. மேனேஜர் முறைத்தார்' என்று எழுத யாருக்கு மனசு வரும்? உயர்ந்த சிந்தனைக்காகக் காத்திருக்கிறோம். அது வருவதற்குள் டிசம்பர் வந்துவிடுகிறது.

இதற்கு ஒரு வைத்தியம் எங்கள் ஊரில் இருக்கிறது.

திருவண்ணாமலை என்றால் உங்களுக்குத் தீபம் தெரியும். பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் தெரியும். மறுநாள் ஆபீஸில் கால் வலிக்கிறது என்று லீவு போட்டதும் தெரியும். இன்னொரு விசேஷம் பலருக்குத் தெரியாது. இந்த ஊரில் பிறந்த இரண்டு முக்கியமான புத்தகங்கள், துண்டுக் காகிதத்தில் பிறந்தவை.

1896 செப்டம்பர் 1-ந் தேதி, மதுரையிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்தார் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன். பிற்பாடு ரமண மகரிஷி. ஆரம்ப வருஷங்களில் அவர் அநேகமாகப் பேசவில்லை. யாராவது கேள்வி கேட்டால் பதிலை எழுதிக் காட்டுவார். 1900-த்தை ஒட்டிய வருஷங்களில் கம்பீரம் சேஷய்யர் என்பவர் அவரிடம் போய்ப் போய் சந்தேகம் கேட்டார். பதில்கள் துண்டுத் தாள்களில் வந்தன. அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார் சேஷய்யர். அதுதான் பிற்பாடு 'விசார சங்கிரகம்'. 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்று இன்னொருவர் வந்தார். அவருக்கு மணலில், சிலேட்டில், காகிதத்தில் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நானார்?'. அது அச்சேற 1923 வரை ஆயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனிதர் குறிப்பைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று அர்த்தம். நம் வீட்டில் கேஸ் புக்கே இருபது நாள் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

இதில் எனக்குப் பிடித்த சமாசாரம் வேறு. சேஷய்யர் என்ன உத்தியோகம்? முனிசிபல் ஓவர்சியர். பிள்ளைவாள்? ரெவின்யூ இலாகா. ரெண்டு பேருமே நம்மைப்போல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள்! மலையேறிப் போய்க் கேட்டதை நோட்டில் ஏற்றி வைத்தார்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் பதில் மணலோடு போயிருக்கும்.

மகரிஷியும் காகித விஷயத்தில் கறார். அச்சாபீஸ் ப்ரூஃப் தாளில் எழுதாத இடம், வந்த கடிதத்தில் காலியான பாதி, எதுவும் குப்பைக்குப் போகாது. வெட்டி, அடுக்கி, தைத்துச் சின்ன நோட்டாக்கிவிடுவார். கிழிந்த புத்தகத்துக்குப் பைண்டிங்கும் அவர் கையாலேயே நடக்கும். காகிதத்தில் குத்தியிருக்கும் குண்டூசியைக்கூடக் கழற்றி எடுத்து வைப்பார். காந்தியும் வந்த தபால் உறையைப் பிரித்து, உள்பக்கத்தில் எழுதியவர்தான்.

கணக்கு ராமானுஜன் கதை இன்னும் நமக்குக் கிட்டத்தில் வருகிறது. 1912 மார்ச் 1-ந் தேதி சென்னை துறைமுகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார். சம்பளம் மாசம் 30 ரூபாய். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். விடை எப்படி வந்தது என்பது அநேகமாக முழங்கையோடு போயிற்று. அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பல வருஷம் உட்கார்ந்தார்கள். ஆகவே காகிதம் முக்கியம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நோட்டுத் தயாரிப்பது எப்படி?

கச்சாப்பொருள் உங்களைச் சுற்றியே கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அச்சான பிரிண்ட் அவுட், ஜெராக்ஸ் சரியாக விழாத தாள், கிரிவல நோட்டீஸ், பிள்ளைகளின் கேள்வித்தாள். (ஆபீஸிலிருந்து புது ரீம் பேப்பரைப் பையில் போட்டுக்கொண்டு வருவது வேறு கலை. இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) ஒரு எச்சரிக்கை: ஆதார் நகல், பாங்க் ஸ்டேட்மெண்ட், அடுத்தவர் சம்பள விவரம் இருக்கிற தாள் வேண்டாம். கிழித்துப் போடுவதற்கென்றே பிறந்தவை அவை.

ஏ4 தாளுக்கு ஒரு அழகு உண்டு. சரிபாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. ஏ0 என்ற தாய்த்தாள் சரியாக ஒரு சதுர மீட்டர்; அதை நாலு தடவை பாதியாக்கினால் பதினாறு ஏ4. அதனால் ரீமில் '80 ஜி.எஸ்.எம்.' என்று போட்டிருந்தால், ஒரு தாள் எடை சரியாக 5 கிராம். இது எதற்கு என்கிறீர்களா? இருபது தாள் நோட்டு வெறும் 100 கிராம். சட்டைப்பைக்கு வராவிட்டாலும் டிபன் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு பக்கம் அச்சான தாளில் நோட்டுப் போட்டால், திருப்பும்போதெல்லாம் பழைய சர்க்குலர் பல்லை இளிக்குமே? அதற்குத்தான் சூட்சுமம். ஒவ்வொரு தாளையும் அச்சுப் பக்கம் உள்ளே போகிற மாதிரி பாதியாக மடியுங்கள். ஸ்பூனின் முதுகால் மடிப்பை அழுத்தித் தேயுங்கள். இப்போது வெளியே தெரிகிற இரண்டு பக்கமும் வெள்ளை. மடிப்பு வெளி ஓரம். திறந்த பக்கம் தையல் ஓரம். சீனாவிலும் ஜப்பானிலும் பழைய புத்தகங்கள் இப்படித்தான் இருந்தன. மெல்லிய தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மடித்து, திறந்த ஓரத்தில் தைத்தார்கள். அவர்கள் எழுத்தை வெளியே வைத்தார்கள். நாம் சர்க்குலரை உள்ளே வைக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். இருபது தாளுக்கு நாற்பது வெள்ளைப் பக்கம்!

மடித்த தாள்களைத் தட்டி நேராக்கி, இரண்டு கிளிப் போடுங்கள். தையல் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மூன்று புள்ளி: நடுவில் ஒன்று, அதற்கு மேலே ஏழு சென்டிமீட்டரில் ஒன்று, கீழே ஏழு சென்டிமீட்டரில் ஒன்று. அடியில் பழைய பலகை வைத்து, ஆணியும் சுத்தியலும் கொண்டு துளை போடுங்கள். (மாடியில் குடியிருப்பவர்கள் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தவிர்க்கவும். கீழ்வீட்டு மாமா தூங்குவார்.)

கெட்டி நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டால் முறுக்கு அவிழாது. பின்னாலிருந்து நடுத்துளை வழியாக முன்னால் வாருங்கள். மேல்துளையில் இறங்கிப் பின்னால் போங்கள். பின்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டி, கீழ்த்துளை வழியாக முன்னால் வாருங்கள். மறுபடி நடுத்துளையில் இறங்கினால் இரண்டு நுனியும் பின்னால் சந்திக்கும். நீளமாக ஓடுகிற நூலுக்கு இந்தப்பக்கம் ஒரு நுனி, அந்தப்பக்கம் ஒரு நுனி இருக்கும்படி முடிச்சுப் போடுங்கள். முடிந்தது!

அட்டைக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமா? கல்யாணப் பத்திரிகை. வழவழவென்று கனமான அட்டை, மேலே பிள்ளையார், ஓரத்தில் மஞ்சள். மடிப்பில் இரண்டாக வெட்டி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்துச் சேர்த்தே தைத்துவிடலாம். அளவு போதவில்லையானால் சட்டைப் பெட்டி அட்டை இருக்கிறது. தையலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டால் அட்டை லகுவாகத் திறக்கும்.

ஊசியென்றால் பயமா? அப்படியானால் ஸ்க்ரிப்ளிங் பேட். தாள்களைப் பாதியாக வெட்டி, காலிப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, மேல் ஓரத்தை நேராக்கி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். (இன்கம்டாக்ஸ் சட்டப் புத்தகம் உத்தமம். எனக்கு அது பி.காமுக்குப் பிறகு இதற்குத்தான் பயன்படுகிறது.) மேல் ஓரத்தில் ஃபெவிகால் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் காலையில் ஒவ்வொரு தாளாக உரிக்கலாம். பழைய பைண்டர்கள் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

நோட்டு ரெடி. என்ன எழுதுவது?

நான் காமர்ஸ் படித்தவன். என் சிபாரிசு: முதல் பக்கம் வரவு செலவு. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாச்சியோலி என்ற பாதிரியார் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் கொண்டுவந்தார். அவர் சொன்ன வரிசையில் முதல் புத்தகம் பேரேடு அல்ல. நடந்ததை நடந்த உடனே கிறுக்கி வைக்கும் குறிப்பு நோட்டு. அழகாக எழுதுவது அப்புறம். நம் செட்டுக் கடைகளில் சிட்டை என்பது ஏறக்குறைய இதுதான்.

எங்கப்பா பாச்சியோலியைக் கேள்விப்பட்டதில்லை. இங்கே ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். வீட்டுக் கணக்குக்குக் காசு கொடுத்து நோட்டு வாங்கியதே இல்லை. மண்டியில் மிஞ்சின தாள், என் பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாவற்றையும் அச்சு உள்ளே போகும்படி மடித்துத் தைத்துவிடுவார். எனக்கு அப்போது அது அவமானமாக இருக்கும். சிநேகிதர்கள் வந்தால் நோட்டை எடுத்துத் தலையணைக்கடியில் வைப்பேன்.

2016-ல் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது, தெரிந்த மனிதர் ஒருவர் வந்தார். துக்கம் விசாரித்தார். காப்பி சாப்பிட்டார். பிறகு மெல்ல, "தம்பி, சொல்றதுக்கு இது நேரமில்லே. அப்பா எங்கிட்டே பன்னெண்டாயிரம் வாங்கியிருந்தாரு..." என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செத்தவர் கடனை இல்லையென்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? கையில் காசும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கால் மணி கழித்து ஒரு நோட்டோடு வந்தாள்.

1999, ஆவணி. பன்னிரண்டாயிரம் வரவு. அதற்குக் கீழே தவணை தவணையாகப் பற்று. 2001 தை மாதம், 'பைசல்' என்று அப்பா எழுத்து. பக்கத்தில் அந்த மனிதரின் கையெழுத்து.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாமா, மறந்தே போச்சு தாயி" என்று எழுந்தார். போகும்போது செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் போன பிறகு அந்தத் தாளின் உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். என் ஆறாம் வகுப்பு அறிவியல் அரைப்பரீட்சைக் கேள்வித்தாள். விடை தெரிந்த கேள்விகளுக்கு டிக் போட்டிருந்தேன். மொத்தம் மூன்று டிக்.

பி.காமில் படித்த ஒரு சட்டப் பிரிவு அன்றைக்குத்தான் புரிந்தது. ஒழுங்காக எழுதிவரும் வியாபாரக் கணக்குப் புத்தகம் சாட்சியம். ஆனால் அது மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது. இது 1872-ம் வருஷ சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. வீட்டு நோட்டு அந்த அந்தஸ்துக்குக்கூட வராது. எதிராளி கையெழுத்துத்தான் உயிர். அப்பா அதை வாங்கி வைத்திருந்தார்.

'இதெல்லாம் போனில் இருக்கே ஸார்' என்பீர்கள். இருக்கட்டும். போனில் பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். டிரங்குப் பெட்டி எங்கே இருக்கிறதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை இருபது தாள், ஒரு ஆணி, கொஞ்சம் நூல். ஒரு வரி எழுதினால் போதும். யாருக்காவது பணம் கொடுத்தால் இரண்டு வரி; இரண்டாவது வரியை அவரை எழுதச் சொல்லுங்கள்.