ட்ரிகரை இழுக்க 12 பவுண்டு பலம்... நியூயார்க் போலீஸை யோசிக்க வைத்த பிஸ்டல்!

2012 ஆகஸ்ட் 24. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, முன்னாள் சக ஊழியரைச் சுட்டுக்கொன்றுவிட்டு நடந்துபோன ஒருவரை இரண்டு போலீஸார் மிக அருகில் எதிர்கொண்டனர். இருவரும் சேர்ந்து 16 முறை சுட்டார்கள். அந்த நபர் இறந்தார். ஆனால், தெருவில் நின்ற பொதுமக்கள் 9 பேரும் காயமடைந்தனர். அத்தனை பேர் மீதும் பட்டவை போலீஸ் தோட்டாக்களும் அவற்றின் சிதறல்களும்தான்!

கூட்டம், பதற்றம், பயிற்சி எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், துப்பாக்கியின் ஒரு சின்ன பாகமும் அப்போது விவாதத்துக்கு வந்தது. அது ட்ரிகர்.

சுத்தியல் இல்லாத துப்பாக்கி

ரிவால்வரின் பின்புறம் சுத்தியல் போல ஒரு பாகம் இருக்கும். அது பாய்ந்து அடித்தால்தான் தோட்டா வெடிக்கும். 'ஸ்ட்ரைக்கர்' வகை பிஸ்டலில் சுத்தியல் கிடையாது. உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும் ஊசி போன்ற பாகமே தோட்டாவின் பின்பக்கத்தைத் தட்டும்.

இந்த வகையை உலகமெங்கும் பரப்பியது ஆஸ்திரியாவின் 'க்ளாக்'. திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் தயாரித்துவந்த காஸ்டன் க்ளாக், அதற்குமுன் துப்பாக்கியே வடிவமைத்ததில்லை. அவரது பிஸ்டலை 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் தேர்வு செய்தது. அதன் அடிச்சட்டம் இரும்பல்ல, பிளாஸ்டிக்!

பாகங்கள் குறைவு என்பதால் பழுதாகும் வாய்ப்பும் குறைவு. ஒவ்வொரு முறையும் ட்ரிகர் ஒரே மாதிரி இழுபடும். கையால் தள்ளிவிடும் சேஃப்டி பூட்டு இல்லை. அதற்குப் பதில் மூன்று தானியங்கிப் பூட்டுகள் உண்டு. கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால், ட்ரிகரை இழுத்துவிட்டால் மூன்றும் விலகிவிடும். இழுத்தது விரலா, உறையில் சிக்கிய சட்டை நுனியா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

12 பவுண்டு ஏன்?

வழக்கமான க்ளாக்கின் ட்ரிகரை இழுக்கச் சுமார் 5.5 பவுண்டு, அதாவது இரண்டரை கிலோ அழுத்தம் போதும். ரிவால்வருக்குப் பழகிய நியூயார்க் போலீஸ், 1990-களில் பிஸ்டலுக்கு மாறியபோது இதைக் கண்டு தயங்கியது. தவறுதலாகச் சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், இழுக்கும் பலத்தை 12 பவுண்டாக உயர்த்தியது. கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ!

சிக்கல் இங்கேதான். தோட்டாக்கள் நிரப்பிய க்ளாக்கின் எடையே ஒரு கிலோவைத் தாண்டாது. அதை ஐந்தரை கிலோ பலத்தில் இழுத்தால், விரலோடு சேர்ந்து துப்பாக்கியும் அசையும். குழல் முனை கொஞ்சம் நகர்ந்தாலும் குறி தப்பும். தப்பிய குறி யார் மீது வேண்டுமானாலும் பாயலாம்.

பலம் மட்டுமே பாதுகாப்பா?

அந்த 12 பவுண்டு விபத்தைத் தடுத்ததா? 2014 நவம்பரில் புரூக்ளின் குடியிருப்பு ஒன்றின் இருட்டு மாடிப்படியில், ரோந்து சென்ற இளம் காவலரின் துப்பாக்கி வெடித்தது. சுவரில் பட்டுத் தெறித்த தோட்டா, கீழ்ப்படிகளில் இருந்த அகாய் கர்லி என்ற 28 வயது இளைஞரின் உயிரைப் பறித்தது. அவர் கையில் எந்த ஆயுதமும் இல்லை.

துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது என்றார் காவலர். வழக்கை விசாரித்த ஜூரிகள், அந்த ட்ரிகரைத் தாங்களே இழுத்துப் பார்த்தார்கள். 2016 பிப்ரவரியில் அவரைக் குற்றவாளி என்றார்கள். பிறகு நீதிபதி குற்றப்பிரிவைக் குறைத்து, சிறை இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்.

2021-ல் நியூயார்க் போலீஸ் மனம் மாறியது. புதிதாகச் சேருபவர்களுக்கு, ட்ரிகரை எளிதாக இழுக்கக்கூடிய பிஸ்டல்களை வழங்க முடிவு செய்தது. ட்ரிகர் இலகுவாகும்போது, காவலரின் விரலுக்குப் பொறுப்பு கூடுகிறது. அதனால்தான் துப்பாக்கிப் பயிற்சியின் அடிப்படை விதி இதுதான்: சுடுவதென்று முடிவெடுக்கும் நொடி வரை விரல் ட்ரிகருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்!