பின்வளவில் இறங்கும் அறை

இலங்கையின் கிழக்குக் கரையில், பெரியநீலாவணையில் வீடு கட்டி முடிந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. மகளுக்குக் கல்யாணம் சரிவந்தால் வீடு சீதனமாக அவளுக்குப் போகும். தாயும் தகப்பனும் பின்வளவில் ஓர் அறை இறக்கி ஒதுங்கிக்கொள்வார்கள். பக்கத்து மருதமுனையிலும் இதே வழக்கம்தான், தமிழர் முஸ்லிம் என்ற பேதம் இதில் இல்லை. கட்டார் காசு வந்தால் முன் விறாந்தையும் நீண்டு கண்ணாடி அடைபடும். டைல்ஸின் நிறத்துக்கு மாதக்கணக்கில் கூடிப் பேசுகிறவர்கள், அத்திவாரத்தை மட்டும் ஒரு காலைப்பொழுதில் மேசனிடம் விட்டுவிடுகிறார்கள்.

மணல் மோசமான நிலமல்ல. சிதறாமல் அடைபட்டுக் கிடக்கும்வரை நன்றாகவே சுமக்கும். களியைப்போல வருடக்கணக்கில் அமிழ்ந்துகொண்டும் இராது. சுமை ஏற ஏற அப்போதே அமர்ந்துவிடும். பழைய வீடு அப்படி அமர்ந்து முடிந்தது, புது அறை இனித்தான் அமரப்போகிறது. இரண்டையும் பல்லு விட்டுப் பிணைத்தால், பிணைத்த இடமே மேலிருந்து கீழ்வரை வெடிக்கும். அரை அங்குல இடைவெளி விட்டுத் தனிச் சுவராக எழுப்புவதே என் கட்சி. கம்பி போட்டு இறுக்கினால் போதும் என்கிற மேசன்மாரும் இருக்கிறார்கள்.

கச்சான் காற்று வீசும் நாளொன்றில், கடலோரம் ஒரு வளவில் கிடங்கு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காக்கா, இன்னும் ஒரு அடி இறக்குவமே, பலமா இருக்குமே" என்றார் வீட்டுக்கார அம்மா.

"பழைய அத்திவாரத்துக்குக் கீழ போனா, அதத் தாங்கிற மணல் எங்கட கிடங்குக்குள்ள வந்திரும், தங்கச்சி" என்றார் மருதமுனை மேசன். அவர் சொல்லி வாய்மூடவில்லை, கிடங்கின் விளிம்பு ஒரு சாண் அகலத்துக்குச் சரிந்தது.

காய்ந்த மணல் முப்பது பாகைக்குச் சற்று மேலான சரிவில்தான் நிற்கும். ஓரடி ஆழம் வெட்டினால் ஒன்றரை அடி தூரத்து மணல் வரைக்கும் நகரப் பார்க்கும். ஆழம் கட்டாயம் வேண்டுமென்றால் மூன்று நான்கு அடி நீளமாகத் துண்டு துண்டாக வெட்டி, கருங்கல் கட்டி நிரப்பிய பிறகே அடுத்த துண்டுக்குப் போகவேண்டும். மாரியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஊறும் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்தால் மணலும் கூடவே வரும், சில வேளை அடுத்த வீட்டுச் சுவருக்குக் கீழிருந்து. 2004 டிசம்பர் 26 அன்று சுவரைத் தள்ளிய சுனாமி அலை, மூலைகளுக்குக் கீழிருந்த மணலையும் அரித்துக்கொண்டு போனதை இந்தக் கரைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. பின்வளவு என்பது வெறும் நிலமல்ல. பழைய மலசலகூடக் குழி, தூர்ந்த கிணறு, குப்பைக் கிடங்கு, தறித்த தென்னையின் அடிக்கட்டை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மேலே வெள்ளை மணல் பரப்பிவிட்டால் எதுவும் தெரியாது. அடிக்கட்டை உக்கி உள்ளே வெற்றிடமாகும். குப்பை கொட்டி மூடிய குழி, ஒரு மாரி முடிந்ததும் மூலையைக் கீழே இழுக்கும். கயிறு கட்டுமுன் நீட்டுக் கம்பியொன்றை அடிக்கு அடி ஊன்றிப் பார்த்தால் போதும். பொசுக்கென்று இறங்கும் இடத்தில், நல்ல மணல் தட்டும்வரை அள்ளியெறிந்து, ஆறு அங்குலத்துக்கு ஒருதரம் நனைத்து இடித்து நிரப்பவேண்டும்.

அறை வந்தால் மலசலகூடக் குழி இடம்மாறும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது விடச் சொல்கிறார்கள். ஆறு பேர்ச் வளவு என்பது ஏறத்தாழ 1,633 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கம் 40 அடி. எதிரெதிர் மூலைகளில் வைத்தால்தான் தூரம் தேறும். அந்த மூலைக்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக் கிணறு. மணலுக்கடியில் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நல்ல தண்ணீருக்கு வேலி கிடையாது. அறை இறக்குகிறவர் மேசனைக் கூப்பிட முதல் அடுத்த வீட்டுக்காரரோடு ஒரு கதை கதைக்கவேண்டும்.