மெய்மையும் பால்வெட்டும்

உண்மை, வாய்மை, மெய்மை என்னும் மூன்றையும் முறையே உள்ளம், வாய், மெய் ஆகியவற்றோடு பொருத்திக் காட்டுதல் தமிழாசிரியர் மரபு. வாய்மைக்குச் சான்று கேட்டால் அரிச்சந்திரன் ஒருவனே போதும். உடலின் செயலில் விளங்கும் மெய்மைக்குச் சான்று கேட்டால்தான் வகுப்பறை சற்றுத் தயங்குகிறது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை.

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் பால்வெட்டுத் தமிழர் கைத்தொழிலாயிற்று. வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும். ஆதலின் இருள் பிரியுமுன்னரே, நெற்றி விளக்கின் ஒளியில், வெட்டு நடைபெறும். ஒரு வெட்டிற்குச் சீவத்தக்க பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. கத்தி கட்டையைத் தொடலாகாது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உயிருள்ள மெல்லடுக்கு ஒன்று உண்டு. அது புண்பட்டால் மீண்டு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். ஆனால் பாற்குழாய்கள் செறிந்திருப்பதோ அம்மெல்லடுக்கை ஒட்டித்தான்! எனவே ஆழ வெட்டியவருக்கு இன்று பால் மிகும். எடைக்குக் கூலி பெறும் ஏழைக்கு இது சிறிய சோதனையன்று. கங்காணி எல்லா மரத்தையும் பார்ப்பதில்லை. கேடு வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும். அப்பொழுது அந்நிரையில் வெட்டுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். தமக்கு முகமறியாத அவருக்காகக் கையை அடக்கி வெட்டியவரின் செயலை மெய்மை என்னாமல் வேறென்ன என்பது?

இனி நிறுவை. காண்டா வாளியில் வந்த பாலில் நீர் கலந்துள்ளதா என அறிய மெட்ரோலாக் என்னும் மிதப்புக் கருவியை இடுவர். இரப்பர் நீரினும் இலேசானது. ஆதலால் இரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ்ந்தும், நீர்த்த பாலில் உயர்ந்தும் நிற்கும். நீரின் அளவை அது சொல்லும். நீர் வந்த வழியைச் சொல்லாது. மங்கில் விழுந்த மழையும் வாளியில் ஊற்றிய நீரும் அதற்கு ஒன்றே. அளவைப் படித்துச் செக்ரோலில் எழுதுபவர் கிராணி. வெட்டுபவரைச் சோதிக்கக் கருவி உண்டு. எழுதுபவரைச் சோதிக்க எதிரே நின்ற எழுத்தறியாத் தாயால் இயலுமா? ‘திருட்டுப் பால்’ என்னும் பழி ஒரு பக்கமே விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

திருக்குறளின் அமைப்பு இவ்விடத்து எண்ணத்தக்கது. நடுவுநிலைமை 12ஆம் அதிகாரம்; இல்லறவியலில் உள்ளது. கள்ளாமையும் வாய்மையும் 29, 30ஆம் அதிகாரங்கள், துறவறவியலைச் சார்ந்தவை. நிறுப்பவரிடம் இல்லறத்தார்க்குரிய நடுவுநிலைமையைக்கூடக் கேளாமல், நிறுக்கப்படுபவரிடம் துறவியின் தூய்மையை எதிர்பார்த்த தோட்டங்கள் பல.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் குறைகளைப் பேசுவோர் பலர். எனினும், எண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளை தாயின் அருகே வந்து நின்றால், எழுதும் கை சற்று நிதானிக்கும்.

இன்று அந்நிலங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஆங்காங்கே எஞ்சிய முதிய இரப்பர் மரங்களின் பட்டையைத் தடவிப் பார்த்தால், சில வழவழப்பாக இருக்கின்றன. சில முடிச்சேறிக் கிடக்கின்றன. வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை.