எழுபது இடத்தில் ஒரு தமிழ்ச் செய்தி

பதுளையில் துணிக்கடையோ பாத்திரக் கடையோ வைத்திருப்பவருக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராக வியாபாரம் நடப்பதில்லை. தோட்டத்தில் சம்பளம் போட்ட நாட்கள், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரம், பொங்கலுக்கு முந்திய சனி ஞாயிறு, மாரியம்மன் கோயில் தேர்க் காலம் என்று சில நாட்களில்தான் வியாபாரம் சூடு பிடிக்கிறது. அந்த நாட்களில் பசறை, லுணுகலை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் குடும்பம் எந்தக் கடைக்குள் நுழைகிறதோ, அந்தக் கடைக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டு.

அந்தக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சேதி சொல்வது எப்படி? நோட்டீஸ் அடிக்கலாம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை அனுப்பலாம். ஆனால் ஆட்டோ பிரதான வீதியோடு திரும்பிவிடும். மேற்கணக்கு லயங்களுக்கு அந்தச் சத்தம் ஏறாது. தபாலிலும் வழியில்லை. லயத்து வீடுகள் மிகப் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, கைமாறி, பிந்திப் போய்ச் சேருவதே நெடுங்காலமாக இருந்துவரும் நிலைமை.

ஆகவே பல தோட்டக் குடும்பங்களுக்கு, இடையில் எவர் கையும் படாமல் சேதி வந்து சேரும் முதல் முகவரி கைபேசி எண்தான். வியாபாரி அதை ஒரு முகவரிக்குரிய மதிப்போடு கையாண்டால் செலவு குறையும், வாடிக்கையும் நிலைக்கும். அதற்கு முதலில் சேதி கைபேசிக்குள் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறுந்தகவல் போகும் பாதை

கைபேசியில் எவரும் பேசாதபோதும் அது கோபுரத்தோடு தொடர்பில் இருக்கிறது. தான் எந்த இடத்தில் இருக்கிறது என்று அது சொல்கிறது. அழைப்பு வந்தால் கோபுரம் அதற்குச் சொல்கிறது. இந்தச் சமிக்ஞைகளுக்கென்று ஒரு தனிப் பாதை உண்டு. அந்தப் பாதையில் மிஞ்சும் இடத்தில் எழுத்தையும் அனுப்பலாம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே குறுந்தகவல். ஐரோப்பாவில் ஜிஎஸ்எம் தரநிலை உருவான காலத்தில், 1985இல், ஜெர்மானியரான ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் சாதாரண வாக்கியங்களைத் தட்டச்சில் அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். ஒரு செய்திக்கு 160 குறிகள் போதும் என்று அவருக்குத் தோன்றியது. 1992 டிசம்பர் 3ஆம் திகதி, பிரித்தானியாவில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியியலாளர் வோடஃபோன் வலையமைப்பில் முதல் குறுந்தகவலை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்மஸ் வாழ்த்து.

நாம் அனுப்பும் தகவல் மற்றவர் போனுக்கு நேரே போவதில்லை. வலையமைப்பின் குறுந்தகவல் நிலையத்தில் போய்த் தங்குகிறது. அவருடைய போன் அணைந்திருந்தாலோ சிக்னல் கிடைக்காவிட்டாலோ நிலையம் காத்திருந்து மறுபடி முயல்கிறது. பள்ளத்தில் இருக்கும் லயத்தில் சிக்னல் எட்டாவிட்டாலும், போன்காரர் மேட்டு ரோட்டுக்கு ஏறியதும் தகவல் வந்துவிடும். டேட்டா வேண்டாம், பட்டன் போன் போதும். மலை நாட்டுக்கு இந்த முப்பது வருடத்துப் பழைய முறை இன்னமும் பொருந்துவது இதனால்தான்.

தமிழ் எழுத்துக்கு எத்தனை இடம்

ஒரு குறுந்தகவலின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7 பிட் போதும் என்பதால் அதில் 160 குறிகள் அடங்குகின்றன. தமிழும் சிங்களமும் யுனிகோட் முறையில் போகின்றன. அதில் ஒவ்வொரு குறியும் 16 பிட், அதாவது 2 பைட், எடுத்துக்கொள்ளும். அதனால் கிடைப்பது 70 இடங்கள் மட்டுமே. ஜிஎஸ்எம் தரநிலையில் தமிழுக்கென்று சிக்கனமான எழுத்து அட்டவணை பின்னாளில் சேர்க்கப்பட்டது. ஆனால் போனும் வலையமைப்பும் இரண்டுமே அதை ஏற்றுக்கொண்டால்தான் பயன். நடைமுறையில் அது பரவவில்லை. எனவே 70 என்றே கணக்குப் போட வேண்டும்.

அந்த 70உம் நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘தி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ‘த’ ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்தும் இரண்டு. சொல்லிடை வெளி, முற்றுப்புள்ளி எல்லாம் ஒவ்வொன்று. கடைக்காரர்கள் வழக்கமாக எழுதும் ஒரு வரியை எண்ணிப் பார்ப்போம்:

எமது அன்பான வாடிக்கையாளர்களுக்கு இனிய தீபாவளி வாழ்த்துகள்.

இதில் ‘வாடிக்கையாளர்களுக்கு’ என்ற ஒரு சொல்லுக்கே 20 இடம் போகிறது. முழு வரிக்கு 58. மீதி 12 இடத்தில் என்ன சரக்கு, எந்தக் கடை என்று சொல்லி முடிக்க வழியில்லை. செய்தி 70ஐத் தாண்டினால் வலையமைப்பு அதைத் துண்டுகளாக வெட்டுகிறது. துண்டுகளை மறுபடி கோக்கும் குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் ஒவ்வொரு துண்டிலும் 67 இடமே மிஞ்சும். வாங்குபவர் போனில் அது ஒரே செய்தியாகத் தெரியும். அனுப்பியவருக்கு ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கட்டணம் விழும்.

இப்போது இதைப் பாருங்கள்:

தீபாவளிச் சேலை வந்தாச்சு. பதுளை பசார் வீதி. நிறுத்த:

இதற்குப் பின்னால், செய்தி வேண்டாம் என்பவர் அழைப்பதற்கான பத்து இலக்கத் தொலைபேசி எண் ஒன்றைச் சேர்த்தாலும் மொத்தம் 62 இடம்தான். கடையின் பெயரைச் செய்திக்குள் எழுதத் தேவையில்லை. மொத்தக் குறுந்தகவல் சேவையில் அனுப்புநர் பெயராகவே, ஆங்கில எழுத்தில் 11 குறிகளுக்குள், அதைப் பதிந்துகொள்ளலாம்.

ஒரு துண்டுக்கு ஒரு ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வாழ்த்து, கழிவு, முகவரி எல்லாம் சேர்ந்து 140 இடம் பிடிக்கும் செய்தி மூன்று துண்டாகும். 500 பேருக்கு 1500 ரூபாய். அதையே 70க்குள் அடக்கினால் 500 ரூபாய். ஆண்டுக்கு ஐந்து தடவை அனுப்பினால் 7500க்கும் 2500க்கும் உள்ள வித்தியாசம். எந்த நிறுவனத்திடம் மலிவு என்று விலை கேட்டு அலைவதற்கு முன், செய்தியைச் சுருக்கினாலே மூன்றில் இரண்டு பங்கு செலவு மிச்சமாகிவிடுகிறது.

இன்னொரு கவனம் தேவை. ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்தாலும் முழுச் செய்தியும் 70 இடக் கணக்குக்கு மாறிவிடும். 150 குறிகள் கொண்ட ஆங்கிலச் செய்தி ஒரே துண்டு. அதில் ஒரு தமிழ் எழுத்து புகுந்தால் மூன்று துண்டு. சிலர் இதைத் தவிர்க்க ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதி அனுப்புகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அதை வாசித்துவிடுவார். மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அது விளங்காது. பர்ஸைத் திறந்து காசு கொடுப்பவர் அம்மாவாக இருந்தால், அந்தச் செய்தி எவ்வளவு மலிவாகப் போயிருந்தாலும் வீண் செலவே.

மிஸ்ட் கோலின் பலம்

அழைப்பு மணி அடித்து, எவரும் எடுக்காமல் நின்றுவிட்டால் அழைத்தவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவருடைய எண் மறுமுனையில் பதிவாகிவிடும். வறிய குடும்பங்கள் காலங்காலமாக ஒருவருக்கொருவர் சேதி சொல்லப் பயன்படுத்திய இந்த வழியை வைத்தே 2010இல் பெங்களூரில் ஸிப்டயல் என்ற நிறுவனம் எழுந்தது. 2015இல் ட்விட்டர் அதை வாங்கியது. பீகார் பக்கத்தில் மின்சாரமும் தொலைக்காட்சியும் சரியாக எட்டாத ஊர்களுக்கு இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய ‘கான் கஜூரா தேசன்’ இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. மிஸ்ட் கோல் கொடுத்தால் திரும்ப அழைப்பு வந்தது. அதில் பாட்டும் வேடிக்கையும், இடையிடையே விளம்பரமும் கேட்க முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்க முடிந்ததுதான் அதன் வெற்றி.

பதுளைக் கடைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கடை வாசலில் ஒரு பலகை போதும்: புதுச் சரக்கு வந்தால் சொல்ல வேண்டுமா, இந்த எண்ணுக்கு மிஸ்ட் கோல் கொடுங்கள். கொடுத்தவர் தாமே விரும்பிக் கொடுத்தவர். வேண்டாம் என்பவர்களுக்கும் இதே வழிதான். கடையின் பெயரிலிருந்து வரும் குறுந்தகவலுக்குப் பதில் அனுப்ப முடியாது. ஆகவே ‘நிறுத்த’ என்று போட்டு இன்னொரு எண்ணைக் கொடுத்தால், அதற்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்துச் செலவில்லாமல் விலகிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் யாருக்கு

2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி சிறு கடைக்கு இலவசம். சேலையின் கரை, குடத்தின் அளவு, விலை எல்லாவற்றையும் படத்தோடு காட்டலாம். எழுபது இடக் கட்டுப்பாடும் இல்லை. வாசிக்க முடியாதவருக்குக் குரலிலேயே பேசி அனுப்பலாம். ஆனால் ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வேண்டும். ஒரு ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். அவர்களுள் கடையின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். எனவே பில் போடும்போதே கடையின் எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்வது அவசியம்.

பட்டியலுக்குப் பதில் குழு அமைப்பது பெரிய பிழை. குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். தன் எண்ணை நம்பிக் கொடுத்த ஒரு பெண்ணின் போனுக்கு முன்பின் தெரியாதவர்களின் அழைப்பு வரத் தொடங்கினால், அந்தக் குடும்பம் அந்தக் கடையை மறுபடி எட்டிப் பார்க்காது, பார்க்கவும் தேவையில்லை.

தோட்டக் குடும்பத்தில் ஸ்மார்ட்போன் பெரும்பாலும் இளையவர் கையில் இருக்கிறது. அவர்களில் பலர் கொழும்பில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்து, தீபாவளிக்குச் சேர்த்த காசோடு ஊர் வருகிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் படம். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ்க் குறுந்தகவல். இரண்டும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தால் வீட்டில் பேச்சு எழும். கடைக்கு வருவதும் அப்படித்தான் முடிவாகும்.

நேரமும் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு அனுப்பும் தகவல், முதுகில் கூடையோடு மலையில் நிற்பவரைச் சேரும். மாலைக் கொழுந்து நிறுத்து, லயத்துக்குத் திரும்பி, தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் வாசிக்கும் நேரம்.

சம்மதமே சிக்கனம்

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரத் தகவல் அனுப்புமுன் பெறுபவரின் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது. கட்டணமின்றி விலகும் வழியையும் கொடுக்கச் சொல்கிறது. இதைச் சுமையாக நினைக்க வேண்டியதில்லை. கணக்கும் இதையேதான் சொல்கிறது. எங்கிருந்தோ வாங்கிய 500 எண்களுக்கு ஒரு ரூபாய் வீதம் அனுப்பி ஐந்து பேர் வந்தால், ஒருவரை அழைத்துவர 100 ரூபாய் செலவு. தாமே எண் கொடுத்த 200 பேருக்கு அனுப்பி இருபது பேர் வந்தால் 10 ரூபாய். இந்தத் தொகைகள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் கடையின் உண்மைத் தொகையை நீங்களே கண்டுபிடிக்கலாம். வந்தவரிடம், “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்டு, குறுந்தகவல், வாட்ஸ்அப், நோட்டீஸ் என்று கொப்பியில் மூன்று பத்தி போட்டுக் குறித்துவந்தால் ஒரு திருநாள் முடிவதற்குள் விடை தெரிந்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியதைப் பதுளை மாவட்டம் மறக்காது. மழைக்காலத்தில் எச்சரிக்கை வரும் வழிகளில் கைபேசியும் ஒன்று. டயலொக் வலையமைப்பில் 2009இல் தொடங்கிய டெவ்ன் என்ற அனர்த்த எச்சரிக்கை ஏற்பாடு இதற்காகவே உருவானது. கேட்காத விளம்பரங்கள் குவிந்து, மணி அடித்தாலே எடுத்துப் பார்க்காத பழக்கம் வந்துவிட்டால், எடுத்துப் பார்க்க வேண்டிய தகவலும் பார்க்கப்படாமல் கிடக்கும். மலைச்சரிவில் வாழும் மக்களின் போனை விளம்பரக் குப்பையால் நிரப்ப எந்த வியாபாரிக்கும் உரிமை இல்லை.

தொடங்க நினைப்பவர் அடுத்த சம்பளக் கிழமையிலேயே தொடங்கலாம். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் கேட்டு, சம்மதித்தவர் எண்ணையும், அவருக்கு வேண்டிய மொழியையும், அவரிடம் இருப்பது பட்டன் போனா ஸ்மார்ட்போனா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருநாளுக்கு ஒன்று, புதுச் சரக்குக்கு ஒன்று என்று அளவாக அனுப்புங்கள். அனுப்புமுன் இடங்களை எண்ணுங்கள். அந்த எண்களை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். இப்படிச் சேர்த்த நூறு எண்கள், விலைக்கு வாங்கிய ஆயிரம் எண்களைவிட அதிகம் சம்பாதித்துத் தரும்.