டர்போவுக்குப் பின்னால் ஒரு குழாய்

1977-ஆம் ஆண்டு பிராங்பர்ட் மோட்டார் கண்காட்சியில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் 99 டர்போ என்ற காரைக் காட்சிக்கு வைத்தது. டர்போ அப்போது புதிய சரக்கில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் வீணாகும் ஆற்றலைப் பிடித்து, அதைக் கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பிஎம்டபிள்யூ 1973-இல் டர்போ கார் விற்றது. ஆனால் பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் சாப்பில் செய்தது வேறு. உச்ச வேகத்தை அவர்கள் துரத்தவில்லை. சிறிய டர்போவைப் பொருத்தி, லாரியை முந்தும்போது, மேடேறும்போது, அன்றாட ஓட்டத்தில் கைகொடுக்கும் இழுவிசையைத் தேடினார்கள். 1979-இல் ஸ்டிக் பிளோம்க்விஸ்ட் இதே 99 டர்போவில் ஸ்வீடிஷ் ராலியை வென்றார்.

அதன் வாரிசான சாப் 900 டர்போ 1990-களின் தொடக்கம்வரை வந்தது. 2 லிட்டர், நான்கு சிலிண்டர். பதினாறு வால்வு வந்தபின் 175 குதிரைத்திறன். சாப் கார் நிறுவனம் 2011-இல் திவாலானது. ஆனாலும் இந்தக் கார்களைப் பிள்ளைபோல வளர்ப்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறைய இருக்கிறார்கள். பழைய காரில் முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாயில்தான். அப்போது அவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும். கம்பெனி அளவிலேயே புதிதாகப் போடுவதா, அகலமான குழாய்க்கு மாறுவதா?

டர்போ இல்லாத காரென்றால் இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனமில்லை. டர்போ காரில் உண்டு. காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

டர்போவின் ஒரு பாதி டர்பைன். எஞ்சினிலிருந்து வரும் சூடான புகை அதன் இதழ்களில் மோதி, விரிந்து, வெளியேறுகிறது. டர்பைன் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு அனுப்பும். டர்பைனைச் சுழற்றுவது புகையின் வேகம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான விகிதமே அதன் உணவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. டர்பைனுக்கு முன்னால் 2.4 பார், பின்னால் குறுகிய குழாயின் தடையால் 1.4 பார். விகிதம் 1.7. இப்போது குழாயை அகலப்படுத்தி, பின்பக்க அழுத்தத்தை 1.1 பாராகக் குறைக்கிறோம். அதே 1.7 விகிதத்துக்கு இனி முன்பக்கம் 1.9 பார் இருந்தாலே போதும். பின்னால் குறைத்தது 0.3 பார், முன்னால் குறைந்தது 0.5 பார். பின்குழாயில் செய்யும் சிக்கனத்தை டர்பைன் பெருக்கி எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சாதாரண எஞ்சினில் இந்தப் பெருக்கல் கிடையாது.

முன்பக்க அழுத்தம் குறைந்தால் பிஸ்டன் புகையை வெளியே தள்ளச் செலவிடும் உழைப்பு குறைகிறது. சிலிண்டருக்குள் தங்கிப்போகும் பழைய சூடான புகையும் குறைகிறது. பெட்ரோல் தானாக வெடித்து 'நாக்கிங்' சத்தம் எழுப்புவதற்கு அந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம். சாப்பில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த ஏபிசி என்ற மின்னணு அமைப்பு, எஞ்சின் உடம்பில் பொருத்திய உணரி வழியாக நாக்கிங்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால் டர்போ அழுத்தத்தைக் குறைக்கும், கேட்காவிட்டால் ஏற்றும். ஆகவே புகை தடையின்றிப் போகும் காரில் அதே பெட்ரோலுக்கு ஏபிசி கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது.

"எஞ்சினுக்குப் பின்னழுத்தம் கொஞ்சம் வேண்டும்" என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளமும் விட்டமும் அழுத்த அலைகளை ஒழுங்குபடுத்துகின்றன. அங்கே தேவையில்லாமல் பெருத்த குழாய் இழுவிசையைக் குறைக்கலாம். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பேச்சு இது. டர்பைனைத் தாண்டியபின் அந்த அலைகள் பெருமளவு மட்டுப்பட்டுவிடுகின்றன. அங்கே தடையால் யாருக்கும் லாபமில்லை. டர்பைனுக்கு முன்னால் கதை தலைகீழ். அங்கே குழாய் குட்டையாக, சூட்டைக் காப்பாற்றுவதாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எந்தப் பகுதியை முதலில் அகலப்படுத்துவது? டர்பைனின் வாயிலிருந்து இறங்கும் டவுன்பைப்பைத்தான். 800 டிகிரி செல்சியஸில் உள்ள வாயு, 20 டிகிரியில் இருப்பதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால் வேகம் கூடும், வேகத்தின் வர்க்கத்தை ஒட்டித் தடையும் கூடும். கடைசி சைலன்சர்வரை போவதற்குள் வாயு ஆறிச் சுருங்கிவிடும். பின்னால் மட்டும் பெரிய வாய்வைத்த சைலன்சரை மாட்டி, முன்னால் பழைய டவுன்பைப்பை விட்டுவைப்பவர்கள் சத்தத்தைத்தான் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

2 அங்குலக் குழாயிலிருந்து 2.5-க்குப் போனால் உள்பரப்பு 1.56 மடங்காகிறது. 3 அங்குலத்துக்குப் போனால் 2.25 மடங்கு. 200 குதிரைத்திறனை ஒட்டி நிற்கும் 900-க்கு 2.5 அங்குலம் தாராளம் என்பது என் முடிவு. பெரிய டர்போ வைத்துச் சக்தியை ஏற்றுபவர்களுக்கே 3 அங்குலம் பொருளுள்ளது. மற்றவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் இரைச்சல், மேட்டில் தரை தட்டும் குழாய்.

விட்டத்தைவிட வளைவுகளைக் கவனிக்க வேண்டும். குழாயை வெறுமனே அழுத்தி வளைத்தால் வளைவின் உட்புறம் நசுங்கி, அந்த இடத்தில் பரப்பு குறைந்துவிடும். உள்ளே தாங்குதண்டு கொடுத்து வளைத்தால் விட்டம் கடைசிவரை மாறாது. இதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

அடுத்தது ஓர் ஆபத்து. டர்போ அளவுக்கு மீறாமல் இருக்க, வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு திறந்து புகையில் ஒரு பங்கை டர்பைனைத் தொடாமல் சுற்றி அனுப்புகிறது. பின்னழுத்தம் குறைந்ததும் டர்பைன் சுலபமாகச் சுழலும். கதவு முழுதாகத் திறந்தும் போதாமல், அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகலாம். 900-இல் ஓர் அழுத்த சுவிட்ச் இருக்கிறது. எல்லை தாண்டினால் பெட்ரோல் பம்பை நிறுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். அந்தக் காவலனைத் துண்டித்துவிட்டு ஓட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. குழாய் மாற்றியபின் துல்லியமான அழுத்தமானி வைத்து, வேஸ்ட்கேட் கம்பியைச் சரிபார்த்து, அடிப்படை அழுத்தத்தை கம்பெனி அளவில் நிறுத்துவதுதான் முறை.

ஸ்வீடனில் 1989 மாடல் முதல் பெட்ரோல் கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்டர் கட்டாயமானது. தடை குறையட்டும் என்று அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. அது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தெருவில் நடக்கும் குழந்தையின் மூக்குக்குத்தான் போகும். கன்வர்டருக்குள் இருக்கும், சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் கொண்ட பீங்கான் தேன்கூட்டுக்குப் பதில், 200 துளைகள் கொண்ட மெல்லிய உலோகத் தேன்கூடு கிடைக்கிறது. தடையும் குறையும், வேலையும் நடக்கும். 250, 300 டிகிரி சூடேறினால்தான் அது வேலைசெய்யத் தொடங்கும் என்பதால் டர்போவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

சத்தத்தை டர்பைனே கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில் தொல்லை தருவது கேபினுக்குள் காதை அடைக்கும் ரீங்காரம். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 100 அதிர்வு. நீண்ட பயணத்தில் இது தலைவலி. சுமார் 300 டிகிரிப் புகையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் போகிறது. அந்த அலையின் கால் நீளம் 1.2 மீட்டர். ஒரு முனை மூடிய 1.2 மீட்டர் கிளைக்குழாயைப் பற்றவைத்தால், அதற்குள் போய்த் திரும்பும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து அந்த ஒரு ரீங்காரத்தை மட்டும் அணைத்துவிடும். புகையின் ஓட்டத்துக்குத் துளி தடையில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

எந்த உலோகம்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குட்டைப் பயணங்களில் குழாய் சூடேறாமல் அந்த நீர் சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். ஸ்வீடனின் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். எவர்சில்வர் குழாய் இரண்டையும் தாங்கும். 304 வகை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சூட்டில் அதிகம் நீளும். 3 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 15 மில்லிமீட்டர். அதற்கு இடம்விடாமல் இறுக்கிப் பற்றவைத்தால் வெல்டிங் விரிசல் விடும். நெளியும் இணைப்பும் நல்ல ரப்பர் தொங்கல்களும் அதற்காகத்தான்.

வேலையில் பொறுமை வேண்டிய இடம், டவுன்பைப்பை டர்போவோடு பிடித்து நிறுத்தும் மரையாணிகளான ஸ்டட்கள். பல ஆண்டுகள் செந்தணலாகிக் குளிர்ந்தவை அவை. முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். நட்டைச் சூடுகாட்டிக் கழற்ற வேண்டும். ஆவேசமாக ஸ்பானரைத் திருகினால் ஸ்டட் வார்ப்பிரும்புக்குள் முறிந்துவிடும், பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டிவரும். எல்லா கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். சில முறை ஓட்டி ஆறியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஸ்டார்ட் செய்து, வால்முனையைத் தடித்த துணியால் ஒரு கணம் மூடினால், கசிவு இருக்கும் மூட்டில் 'உஸ்' என்று காற்று கேட்கும். கன்வர்டர் உள்ள கார்களில் ஆக்ஸிஜன் உணரிக்கு முன்னால் கசிவிருந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து உணரியை ஏமாற்றும். எஞ்சின் பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றும். புதுக் குழாய் போட்டபின் மைலேஜ் விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது உணரிக்கு முன்னால் உள்ள கேஸ்கெட்டை.