மரமோ, மதியோ?

சீவக சிந்தாமணியிலே, காந்தருவதத்தையோடு இசைப்போர் புரியச் சென்ற சீவகன், தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகின்றான். நீரில் நின்ற மரம், இடியுண்ட மரம் என அவற்றின் குற்றங்களை எடுத்துரைக்கின்றான். இப்பகுதியை யான் கற்பிக்குந்தோறும், மரம் நன்றாயின் இசையும் நன்றாகுமோ என்று மாணவர் எவரேனும் வினவுவதுண்டு. அதற்கு விடையைக் கிற்றார் செய்யும் வினைஞரிடத்தே காணலாம்.

கிற்றாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் நாட்டு ஈட்டியின மரமே தலைசிறந்தது என நெடுங்காலம் போற்றப்பட்டது. வேட்கை மிகுந்தது, காடு மெலிந்தது. 1992 இல் அனைத்துலக உடன்படிக்கையொன்று, புதிதாய் வெட்டிய அம்மரத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடுத்தது. மரம் அருகினால் நல்லிசையும் அருகுமோ?

இன்றைய செந்நெறிக் கிற்றாரின் வடிவை நிலைபெறச் செய்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ த தொறெஸ் (1817–1892). அவர் 1862 இல் ஒரு கிற்றாரின் முதுகையும் பக்கங்களையும் கடதாசி அட்டையாற் செய்தார். முகப்பை மட்டும் மெல்லிய நன்மரப் பலகையால் அமைத்தார். நரம்பின் அதிர்வை ஏற்று ஒலியாக்குவதில் முகப்பே தலைமையானது என்பது அவர் துணிபு. அக்கருவி பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. அமெரிக்கரான பொப் ரெயிலர், 1995 இல், பண்டங்கள் அடுக்கும் பழைய மரத்தட்டின் பலகைகளைக் கொண்டே ஒரு கிற்றார் செய்து காட்டினார்.

அவுஸ்திரேலியரான கிரெக் சிமோல்மன் முகப்பின் அமைப்பையே மாற்றினார். தொறெஸ் முகப்பின் உட்புறத்தே விசிறிபோலச் சட்டங்களைப் பொருத்தினார். சிமோல்மனோ, பல்சா என்னும் இலேசான மரமும் காபன் நாருங் கொண்டு, வலைபோன்ற பின்னற் சட்டத்தை வைத்தார். அதனால் முகப்பை மிக மெல்லியதாக இழைக்க முடிந்தது, ஓசையும் வலுத்தது. ஜோன் வில்லியம்ஸ் என்னும் பெருங்கலைஞர் அக்கருவியைக் கைக்கொண்டார். பழைய இனிமை குன்றிற்று என்பாரும் உளர்.

இவற்றாற் சிந்தாமணி கூறியது பொய்யாகுமோ? ஆகாது. சீவகன் மரத்தின் பெயர் கேட்டு யாழைத் தள்ளினானல்லன். அது பட்ட பாட்டை அறிந்து தள்ளினான். பலகையை விரலால் தட்டிச் செவியால் ஓர்ந்து, எங்கே இழைப்பது, எங்கே நிறுத்துவது எனத் துணியும் வினைஞனிடத்தும் அவ்வறிவே விளங்குகின்றது. அரிய மரம் என்னும் பெயருக்காகக் காட்டை அழித்தல் கலைத்தொண்டு ஆகாது. இசைக்கு மரம் வேண்டும். அதனினும் மதி வேண்டும்.