டயர் மாற்ற கையில் காசு குறைவா? பின்சக்கர வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

ஓம்னி, ஈக்கோ, பொலிரோ, பழைய இன்னோவா. நம் பகுதியில் பல குடும்பங்களின் வாசலில் நிற்பவை இந்த வண்டிகள்தாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் மதரஸாவுக்கும் கொண்டுபோய் விடுவது, கடைக்குச் சரக்கு ஏற்றுவது, உம்ராவுக்குப் போகிறவர்களை விமான நிலையம் வரை சென்று வழியனுப்புவது எல்லாம் இவற்றில்தான். வண்டிக்குள் பத்துப் பேர் இருந்தாலும் அது தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஓர் உள்ளங்கை அகலம்தான்.

அந்த நான்கு டயர்களையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. அதனால் நம்மில் பலர் இரண்டை மட்டும் வாங்குகிறோம், அல்லது பழைய டயர் கடைக்குப் போகிறோம். குறைந்த பணத்தில் எதை வாங்கலாம், எந்தப் பக்கம் போடலாம், எதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பதை மழைக்காலம் தொடங்கும் முன் இங்கே பார்ப்போம்.

பின்சக்கர வண்டி என்றால் என்ன?

ஆல்டோ, ஸ்விஃப்ட், எர்டிகா போன்ற கார்களில் இன்ஜினின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகிறது. ஓம்னி, ஈக்கோ, பொலிரோ, டவேரா, இன்னோவா, கிரிஸ்டா ஆகியவற்றில் வண்டிக்கு அடியில் நீளமான ஒரு ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போகிறது. (இன்னோவா ஹைகிராஸ் மட்டும் முன்சக்கர வண்டி.) ஆகவே இவற்றில் வண்டியைத் தள்ளுவதும், பின்னால் ஏற்றும் ஆட்களையும் சாமானையும் சுமப்பதும் பின் டயர்களே. வண்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசாகிவிடும். அந்த நிலையில் ஈரச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை வேகமாக மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும்.

பழைய டயர் சொல்லும் சேதி

கடைக்குப் போகும் முன் இப்போதுள்ள டயர்களைக் குனிந்து பாருங்கள். டயரின் பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே தேய்ந்த டயரில் ஓட்டச் சட்டமும் இடம் தராது. மழைக்கு முன்பானால் 3 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்ற யோசிப்பது நல்லது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தாம்.

தேய்ந்த விதத்தையும் கவனியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கோளாறு. திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் பேலன்ஸிங்கையோ சஸ்பென்ஷனையோ பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அந்தப் பணமும் அதே வழியில் தேய்ந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்து

உதாரணமாக, 205/65 ஆர்15 94 எஸ் என்று இருந்தால்: 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம் அளவு. 94 என்பது பாரக் குறியீடு; ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்று பொருள். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை.

உங்கள் வண்டிக்குரிய அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். பாரக் குறியீடும் வேக எழுத்தும் அதற்குக் குறையக்கூடாது. சில வேன்களின் டயரில் அளவோடு எல்டி என்று போட்டிருக்கும். அது சுமை தாங்க வலுவாகக் கட்டிய டயர். விலை குறைவு என்று அந்த இடத்தில் சாதாரண கார் டயரைப் போடாதீர்கள். பிள்ளைகளையும் சரக்கையும் ஏற்றும் வண்டியில் அது ஆபத்து.

டாட் என்ற எழுத்துகளோடு வரும் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த தேதி. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்தியாவில் விற்கும் புது கார் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

இரண்டுதான் வாங்க முடியும் என்றால்

ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பட்டன் அமைப்புள்ள இரண்டு புது டயர்களை வாங்கி, இரண்டையும் பின்பக்கம் போடுங்கள். பின்பக்கம் ஓரளவு நல்ல டயர்கள் இருந்தால் அவற்றை முன்பக்கம் கொண்டு வாருங்கள்.

“முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் போய்விடும், அதனால் புதுசு முன்னால்தான்” என்று பலர் சொல்வார்கள். டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவாலும், அதிக பாரத்தாலும், வெட்டுக்காயத்தாலும், வயதாலும். அப்படிப்பட்ட டயர் முன்னாலும் இருக்கக்கூடாது, பின்னாலும் இருக்கக்கூடாது. மழையில் நடப்பது வேறு. முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். காலை மெதுவாக எடுத்தால் வேகம் குறைந்து மீண்டும் பிடி கிடைக்க வாய்ப்பு உண்டு. பின் டயர் வழுக்கினால் வால் பக்கம் வீசி வண்டியே சுற்றிவிடும். அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் பெரும்பாலோரால் முடியாது. பின்சக்கரம் தள்ளும் வண்டியில், வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சட்டென்று கியரைக் குறைத்தாலும் அந்த அதிர்ச்சி பின் டயருக்கே போகிறது என்பதால் இது இன்னும் முக்கியம்.

பின்பக்கம் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றும் போடாதீர்கள். இரண்டின் உயரமும் வேறுபட்டால் நேர்ச்சாலையில்கூட டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்ய வேண்டிவரும்.

ஒரே டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஸ்டெப்னியைப் பாருங்கள். அது ஓடாமலேயே இருந்து, ஐந்து வயதுக்குள் இருந்தால், அதே கம்பெனி, அதே அளவு, அதே பட்டனில் இன்னொன்று வாங்கி ஜோடி சேர்க்கலாம். கழற்றியதில் நல்லதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.

நான்குமே அந்த மேட்டைத் தொட்டுவிட்டன என்றால் இரண்டு போதாது. நான்கும் மாறும் வரை வெளியூர்ப் பயணத்தை பஸ்ஸிலோ ரயிலிலோ வைத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியானால் அதுவரை அதை நிறுத்தியே வைப்போம். மற்றவர்கள் நம்மை நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் அவர்கள், அது அமானிதம்.

பழைய டயர் மலிவா?

ஒரு கணக்குப் போடுவோம். 6,000 ரூபாய்க்கு வாங்கும் புது டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. 2,500 ரூபாய்க்கு வாங்கும் பழைய டயர் 10,000 கிலோமீட்டர்தான் ஓடினால் 25 பைசா. கையில் இருந்து போகும் பணம் குறைவு, ஆனால் செலவு அதிகம். தவிர, அந்த டயர் காற்றில்லாமல் ஓடியதா, விபத்துக்குள்ளான வண்டியில் இருந்து வந்ததா என்பது வெளியில் தெரியாது. தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்பு பூசி விற்பதும் உண்டு. மேடுகள் தெரியாமல் பள்ளம் மட்டும் ஆழமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிரபலமான விலை உயர்ந்த கம்பெனியின் பழைய டயரைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாதாரண விலைப் புது டயர் மேல்.

கடையில் கேட்க வேண்டியவை

ஒரே அளவுக்கு இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். மாட்டும் கூலி, பேலன்ஸிங், வால்வு, அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று கேட்டால்தான் சரியாக ஒப்பிட முடியும். புது கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டயர் எண் எழுதிய பில்லை வாங்கி வையுங்கள். பில் இல்லாமல் கம்பெனி வாரண்டி கேட்பது கடினம். தயாரித்த தேதியை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

போட்ட பிறகு

முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். மாதம் இருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், ஸ்டெப்னி உட்பட காற்றுப் பாருங்கள். ஆட்களும் சாமானும் நிறைய ஏற்றும் நாளில் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று எழுதியுள்ள அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்தவையானால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பின்சக்கர வண்டிக்கு முறை இது: பின் டயர்கள் அதே பக்கத்தில் நேராக முன்னால் வரும், முன் டயர்கள் குறுக்காக மாறிப் பின்னால் போகும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரைக் குறுக்காக மாற்றக்கூடாது.

கடைசியாகப் பணம். டயர் திடீரென்று தேய்வதில்லை. எப்போது மாற்ற வேண்டிவரும் என்று முன்கூட்டியே தெரியும் செலவு இது. மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் இரண்டு வருடத்தில் 12,000 சேரும். வட்டிக்குக் கடன் வாங்காமலேயே ஒரு ஜோடி டயர் வாங்கிவிடலாம். இந்த வாரம் ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஐந்து டயர்களின் மேடுகளையும் தேதியையும் பார்த்துவிடுங்கள். மழை வருவதற்குள் செய்ய வேண்டியது என்ன என்பது அப்போதே தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.